பப்பாளி போட்ட புரோட்டீன் ஷேக் காலைல கசக்குது, பவுடர் போலியா? அப்பாவுக்கும் குடுக்கலாமா?

பீளமேடு பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க, ரொம்ப நாளா சும்மா படிச்சுட்டு போய்ட்டே இருந்தேன், இன்னைக்குத்தான் மொத தடவையா கேக்கறேன். ஜிம் சேந்து மூணு மாசம் ஆச்சு. வெயிட்டு 65 கிலோ. ட்ரெய்னர் அண்ணா வே புரோட்டீன் எடுத்துக்கோன்னு சொல்லி அவரே ஒரு 2 கிலோ டப்பா கொண்டாந்து குடுத்தாரு, கடை ரேட்டை விட ஆயிரம் ரூவா கம்மி, "நமக்குத் தெரிஞ்ச ஆளு மூலமா வருது"ன்னாரு.

நான் பண்றது இதுதான். நைட்டு படுக்கறதுக்கு முன்னாடி பப்பாளி ஒரு கிண்ணம், பால் ஒரு டம்ளர், பவுடர் ஒரு ஸ்கூப், மிக்ஸில ஒரு சுத்து சுத்தி பாட்டில்ல ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சுருவேன், காலைல அஞ்சரைக்கு ஜிம்முக்கு எடுத்துட்டு போறதுக்கு. நைட்டு ஒரு வாய் குடிச்சுப் பாத்தா நல்லா இனிப்பா இருக்குது. காலைல அதே பாட்டிலைத் தொறந்து குடிச்சா வேப்பங்கொழுந்தை மென்ன மாதிரி கசப்பு. மொதல்ல பால் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன், பால் மாத்தினேன், அப்பவும் கசப்பு. அப்பறம் ஒரு நாள் பப்பாளி இல்லைன்னு வாழைப்பழம் போட்டேன், அன்னைக்கு கசக்கவே இல்ல. ஒண்ணும் புரியல. பவுடர் டூப்ளிகேட்டா?

ரெண்டாவது, எங்கப்பாவுக்கு 58 வயசு, சுகர் வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு, போன மாசம் டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்ததுல, கிட்னிக்குப் பாக்கற கிரியேட்டினின் 1.9ன்னு வந்துச்சு. நான் குடிக்கறதைப் பாத்துட்டு "உடம்பு தேஞ்சுட்டே போகுது, எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துடா"ங்கறாரு. குடுக்கலாமுங்களா?

மூணாவது, தொப்பை கொறையணும்னா இதையும் சேத்துக்கோன்னு ட்ரெய்னர் ஒரு கேப்சூல் காட்டினாரு. "முழுக்க பழத்துல எடுத்த சத்து, சைடு எஃபெக்ட்டே கெடையாது"ங்கறாரு. இன்னும் வாங்கல.

லேப் கோட்டு:
தம்பி, கசப்புக்கு காரணம் பவுடர் இல்ல, பப்பாளி. வாழைப்பழம் போட்ட அன்னைக்கு கசக்கலைன்னு நீங்களே பாதி கண்டுபிடிச்சுட்டீங்க.

வீட்ல முத்துன ஆட்டுக்கறி வேகலைன்னா பப்பாளிக்காய் ரெண்டு துண்டு போடுவாங்கல்ல, அது எதுக்கு? காயோட பால்ல பாப்பெய்ன்னு ஒரு என்சைம் இருக்கு, அதோட வேலையே புரோட்டீனை வெட்டுறது. கறியில இருக்கறதும் புரோட்டீன், உங்க பாட்டில்ல இருக்கறதும் புரோட்டீன், அதுக்கு வித்தியாசம் தெரியாது, ராத்திரி முழுக்க உக்காந்து வெட்டிட்டே இருக்கு. பால்ல இருக்கற கேசீன் அந்த மாதிரி துண்டு துண்டா ஆகும்போது வர்ற சில துண்டுகள் நாக்குல பயங்கரமா கசக்கும். ஃப்ரிட்ஜ் குளிர்ல வேகம் கொறையுமே தவிர நிக்காது. பழம் செங்காயா இருந்தா இன்னும் மோசம், ஏன்னா பழுக்கப் பழுக்கத்தான் அந்தப் பால் கொறையும்.

அன்னாசில புரோமெலைன், கிவில ஆக்டினிடின்னு இதே வேலை பாக்குற ஆளுங்க இருக்காங்க. பச்சை அன்னாசியைப் போட்டு ஜெலட்டின் ஜெல்லி பண்ணா உறையவே உறையாது, ஜெலட்டினும் புரோட்டீன் தானே. ஆனா நம்ம கடல்பாசில பண்ணா உறையும், அது புரோட்டீன் இல்ல. டின்ல வர்ற அன்னாசி சூடு பண்ணி அடைச்சதுங்கறதால அதுல என்சைம் செத்துப் போயிருக்கும்.

கசந்த ஷேக் விஷமும் இல்ல, சத்து போயிடவும் இல்ல. உங்க வயிறு செய்ய வேண்டிய வேலையை பாட்டிலே கொஞ்சம் செஞ்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். கடையில ஹைட்ரோலைஸ்டுன்னு போட்டு அதிக விலைக்கு விக்கிறாங்களே, அதுவும் வெட்டி வச்ச புரோட்டீன் தான், அதுவும் கசக்கத்தான் செய்யும். பப்பாளி வேணும்னா அடிச்ச உடனே குடிச்சுடுங்க, நைட்டே அடிச்சு வைக்கணும்னா வாழை, மாம்பழம், சப்போட்டா.

கசப்புக்கு பவுடர் காரணம் இல்லைன்னு தான் சொன்னேன். பவுடர் நல்லதுன்னு சொல்லல. ஆயிரம் ரூவா கம்மிங்கறது எனக்கு உறுத்துது.

அடுப்பங்கரை அக்கா:
லேப் கோட்டு தம்பி சொன்னது சரி, எங்க வீட்ல பப்பாளி மில்க்‌ஷேக் போட்டா ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் வைக்க மாட்டேன், காரணம் தெரியாமலே அப்படி ஒரு வழக்கம்.

நான் கேக்க வந்தது வேற, தம்பி உனக்கு அந்த டப்பா எதுக்குப்பா? பழம் போட்டா புரோட்டீன் வந்துரும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, ஷேக்குல பழம் ருசிக்கும் நாருக்கும் தான், வாழைப்பழம் 100 கிராம்ல 1 கிராம் புரோட்டீன், பப்பாளில அரை கிராம் தான் இருக்கும், நாம சாதாரணமா ஷேக் போடுற எந்தப் பழமும் 100 கிராமுக்கு 3 கிராமைத் தாண்டாது. புரோட்டீன் வர்றது கூட சேக்கறதுல இருந்து. ஆவின் நீல பாக்கெட் பால் 250 மில்லில 8 கிராம் கிட்ட வரும், வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம்னு வச்சுக்கோ, அதுல ஒரு ஏழரை கிராம், ஒரு வாழைப்பழம், அடிச்சா 16, 17 கிராம் ஆச்சு. பொட்டுக்கடலை ரெண்டு ஸ்பூன் போட்டா இன்னும் ஒரு 4 கிராம். ரெண்டு முட்டை தனியா அவிச்சு சாப்ட்டா 12. ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அவங்க கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம், 65 கிலோ ஆளுக்கு 54 கிராம் தான் வருது, பருப்பு, தயிர், சுண்டல்னு சாப்பிடற வீட்ல இது பெரிய விஷயமே இல்ல. சாதத்தை மலையா போட்டு ரசத்தை ஊத்திட்டு மூணு வேளையும் எந்திரிச்சா தான் பத்தாது.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோ, கடலை பழசா, சுருங்கி, கசப்பா, பூஞ்சை வாசனை வந்தா ஒண்ணு ரெண்டைப் பொறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தைப் போடலாம்னு நெனைக்காதே, மொத்தமா கொட்டிடு. அஃப்ளடாக்சின்னு ஒரு விஷம் அந்தப் பூஞ்சையில இருந்து வருது, கல்லீரலுக்கு ஆகாது, வறுத்தாலும் முழுசா போகாது. வீட்டு சத்துமாவுக்கும் இதே தான், மழைக்காலத்துல அரைச்சு நாலு மாசம் டப்பாவுல வச்சுட்டு இயற்கை உணவுன்னு பிள்ளைக்கு கரைச்சுக் குடுக்கக் கூடாது.

பழைய இரும்பு:
அக்கா சொன்ன கணக்கு உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு. வெயிட் தூக்குறவனுக்கு கிலோவுக்கு 1.4ல இருந்து 2 கிராம் வரைக்கும் விளையாட்டு டயட்டீஷியன்ஸ் சொல்லுவாங்க. ஹாஸ்டல்ல இருக்கறவன், நைட் ஷிப்ட் பாக்குறவன்லாம் தினம் கடலை வறுத்துட்டு இருக்க முடியாது, அவனுக்கு ஒரு ஸ்கூப் வசதி. நான் பதினஞ்சு வருஷமா ஜிம்முல கெடக்கேன், பவுடரும் குடிச்சிருக்கேன், போலி டப்பா வாங்கி ஏமாந்தும் இருக்கேன். வே-ங்கறது ஒண்ணும் கெமிக்கல் இல்ல, வீட்ல பன்னீர் போட்டா மிஞ்சுற தண்ணி இருக்கே, அதைத்தான் ஃபேக்டரில வடிகட்டி காய வச்சு பவுடராக்குறான்.

பிரச்னை டப்பாவுக்குள்ள உண்மையில என்ன இருக்குங்கறது தான் தம்பி. டப்பாவைத் திருப்பு. ஃபாசாய், அதான் நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவங்க லைசென்ஸ் நம்பர் 14 இலக்கம் இருக்கா? இருந்தா அவங்களோட ஃபாஸ்காஸ் வெப்சைட்ல போட்டுப் பாரு, பேரும் அட்ரஸும் டப்பாவுல இருக்கறதோட ஒத்துப் போகணும். வெளிநாட்டு பிராண்டுன்னா இறக்குமதி பண்ணவன் பேர், அட்ரஸ், லைசென்ஸ் நம்பரோட ஸ்டிக்கர் இருக்கணும். பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி அழிச்சு எழுதுன மாதிரி இருக்கா? "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்"னு எழுதியிருக்கணும், அது சட்டம். பில் குடுத்தாரா உங்க ட்ரெய்னரு? மொதல்ல அதைச் சொல்லு.

பீளமேடு பையன்:
பில் இல்லீங்க அண்ணா. டப்பாவை இப்பத்தான் ஒழுங்கா பாக்கறேன், இறக்குமதி ஸ்டிக்கர் இருக்குது, ஆனா அதுல நம்பர் எண்ணிப் பாத்தா 13 தான் வருது, மூணு தடவை எண்ணிட்டேன். உள் சீல் இருந்துச்சு. வெந்நீர்ல கரைச்சா கட்டி கட்டினா ஒரிஜினல்னு யூடியூப்ல ஒருத்தர் சொன்னாரு, பண்ணிப் பாத்தேன், கட்டி கட்டுச்சு.

லேப் கோட்டு:
13ஆ? அப்ப மேல பேசவே வேணாம், ஓரமா வச்சுடுங்க.

வெந்நீர் டெஸ்ட்டை நம்பாதீங்க. வே புரோட்டீன் சூட்டுல முட்டை மாதிரி கெட்டியாகும், அது நெசம் தான், ஆனா பாதி வே, பாதி வேற ஏதோன்னு கலந்திருந்தாலும் கட்டி கட்டத்தான் செய்யும். அயோடின் சொட்டு விட்டா நீலமாகுதான்னு பாக்குறதும் அப்படித்தான், சோள மாவு கலந்திருந்தா காட்டிக் குடுக்கும், சர்க்கரை கலந்திருந்தா ஒண்ணும் காட்டாது. ஸ்டீராய்டு, ஈயம், பூஞ்சை விஷம் இதெல்லாம் வீட்டு அடுப்படில கண்டுபிடிக்கவே முடியாது.

லேப்லயே ஏமாத்தலாம்னா பாத்துக்கோங்க. வழக்கமான டெஸ்ட் புரோட்டீனை நேரா அளக்காது, நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு பாத்து அதை 6.25 மாதிரி ஒரு எண்ணால பெருக்கும். அதனால வெலை கம்மியான கிளைசின், டாரின் மாதிரி அமினோ ஆசிட்டைக் கொட்டினா நைட்ரஜன் ஏறும், பேப்பர்ல 24 கிராம் புரோட்டீன்னு வரும், உடம்புக்கு வேண்டியது அதுல பாதிகூட இருக்காது. 2008ல சீனாவுல குழந்தைங்க பால் பவுடர்ல மெலமைன் கலந்தது இதே ஓட்டையை வச்சுத்தான், ஆறு குழந்தை செத்துச்சு, கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க. லேபிள்ல புரோட்டீனுக்கு அப்புறம் பொருள் பட்டியல்ல கிளைசின், டாரின்லாம் தனியா எழுதியிருந்தா உஷாராயிடுங்க.

நம்ம ஊர் நெலமை என்னன்னா, 2024ல கேரளாவைச் சேந்த கல்லீரல் டாக்டர்ஸ் குழு இந்தியாவுல நல்லா விக்கிற 36 புரோட்டீன் பவுடரை வாங்கி டெஸ்ட் பண்ணி பேப்பர் போட்டாங்க. கிட்டத்தட்ட 70 சதவீதத்துல லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு தப்பு. 14 சதவீதத்துல அஃப்ளடாக்சின், 8 சதவீதத்துல பூச்சிமருந்து மிச்சம். மூலிகை கலந்தது தான் அதுல ரொம்ப மோசம்.

ஜிம்பாய் ஜீவா:
சும்மா பயமுறுத்தாதீங்க ப்ரோ. எங்க ஜிம்ல எல்லாரும் இதான் குடிக்கிறாங்க, ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. வெளிநாட்டு பிராண்டுன்னா எஃப்டிஏ, அதான் அமெரிக்க உணவு மருந்து ஆணையம், அவங்க அப்ரூவ்ட், கண்ண மூடிட்டு குடிக்கலாம்.

பழைய இரும்பு:
எஃப்டிஏ அப்ரூவ்ட் சப்ளிமென்ட்னு ஒண்ணு கெடையவே கெடையாது ஜீவா. அமெரிக்காவுல 1994ல போட்ட சட்டப்படி சப்ளிமென்ட் விக்கிறதுக்கு முன்னாடி எஃப்டிஏகிட்ட பாதுகாப்புக்கு ஒப்புதல் வாங்கத் தேவையில்ல, பொறுப்பு கம்பெனியோடது. ஏதாவது வில்லங்கம் ஆன பிறகு தான் அவங்க உள்ள வருவாங்க. எஃபிட்ரான்னு ஒண்ணு வெயிட் கொறைக்கன்னு வித்துட்டு இருந்தாங்க, ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்னு கேஸ் குவிஞ்சு கடைசில 2004ல தான் தடை பண்ணாங்க, பத்து வருஷம். உன் ஜிம்ல எத்தனை பேரு எல்எஃப்டி, அதான் கல்லீரல் ரத்த டெஸ்ட், எடுத்துப் பாத்திருக்கான்? எடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு தான் சொல்லுவான்.

டயாலிசிஸ் டூட்டி:
எல்லாரும் டப்பாவையே புடிச்சுட்டு நிக்கிறீங்க, தம்பியோட ரெண்டாவது கேள்வியை யாரும் தொடலையே. நான் டயாலிசிஸ் யூனிட்ல டெக்னீஷியன், டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

தம்பி, அப்பாவுக்கு இப்ப குடுக்காதீங்க. பவுடர் ஒரிஜினலா இருந்தாலும் குடுக்காதீங்க. 58 வயசுல 1.9ன்னா கிட்னி பாதி வேலைக்கும் கீழ பாக்குதுன்னு அர்த்தம், ரிப்போர்ட்ல கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு காட்டுற இஜிஎஃப்ஆர்னு ஒரு நம்பர் இருக்கும், பாருங்க. யூரின்ல அல்புமின்ங்கற புரோட்டீன் போகுதான்னும் பாக்கணும். இந்த கட்டத்துல இருக்கறவங்களுக்கு பொதுவா கிலோவுக்கு 0.8 கிராம் புரோட்டீன் போதும்பாங்க, 1.3க்கு மேல போகாதேன்னு சொல்லுவாங்க, வீட்டு சாப்பாட்டுலயே அது வந்துரும். அதுக்காக ஒரேயடியா பருப்பு, முட்டையை நிறுத்தி அவரைப் பட்டினி போடவும் கூடாது, நெறைய வீட்ல அதையும் பண்றாங்க. டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டா கணக்கு தலைகீழ், அப்ப புரோட்டீன் கூட வேணும், அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிக் குடுத்த பவுடரை இவருக்கு வாங்காதீங்க.

பவுடரை விட எனக்கு பயம் அந்த பழ ஷேக்கு. சுகர்காரருக்கு பழத்தை அடிச்சு டம்ளர்ல குடுத்தா சுகர் எப்படி ஏறும்னு உங்களுக்கே தெரியும். அதோட பொட்டாசியம். வாழைப்பழம், இளநீ, சப்போட்டா எல்லாத்துலயும் பொட்டாசியம் உண்டு, நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிரும், கெட்ட கிட்னி தேக்கி வச்சுக்கும், அளவு தாண்டினா நெஞ்சு துடிப்பையே நிறுத்திரும். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாதிரி மாத்திரை போடுறாரா? அதுவும் பொட்டாசியத்தை ஏத்தும். ரத்தத்துல பொட்டாசியம் பாத்துட்டுத்தான் எந்தப் பழம், எவ்வளவுன்னு சொல்ல முடியும், எல்லாருக்கும் எல்லாப் பழமும் தடைன்னு இல்ல.

ஒரே ஒரு பழம் மட்டும் கிட்னி பிரச்னை இருக்கறவங்களுக்கு அறவே கூடாது, ஸ்டார் ஃப்ரூட். குறுக்க வெட்டினா நட்சத்திரம் மாதிரி இருக்குமே, கொல்லையில மரம் வச்சிருப்பாங்க, ஜூஸ் போட்டா கிட்னிக்கு நல்லதுன்னு வாட்ஸப்ல வேற வரும். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு அதுல இருக்கற விஷம் மூளைக்குப் போயிரும். மொதல்ல நிக்காத விக்கல், அப்பறம் குழப்பம், வலிப்பு, உயிரே போயிருக்கு.

"உடம்பு தேயுது"ன்னு அப்பா சொல்றாருல்ல, அதை லேசா எடுக்காதீங்க. சுகர் கட்டுக்குள்ள இல்லைன்னாலும் தேயும். ஷேக் ஊத்தி அதை மறைச்சுராதீங்க, நெஃப்ராலஜிஸ்ட், அதான் கிட்னி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

உங்களுக்கும் ஒண்ணு. டப்பாவுல ஜிம்முக்காரங்க எடுக்குற கிரியேட்டின்ங்கற சத்து கலந்திருந்தா ரத்தத்துல கிரியேட்டினின் கொஞ்சம் ஏறிக் காட்டும், கிட்னி கெடாமலே. டெஸ்ட் குடுக்கும்போது என்ன குடிக்கறீங்கன்னு டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க.

குமரிக்காரன்:
மக்கா, அந்த மூணாவது கேள்விக்கு நான் வாறேன். கேப்சூல் டப்பாவுல கார்சினியான்னு எழுதியிருக்கான்னு பாரு.

பீளமேடு பையன்:
ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கேன், பாத்தேனுங்க. கார்சினியா கம்போஜியா எக்ஸ்ட்ராக்ட், க்ரீன் டீ எக்ஸ்ட்ராக்ட், அப்பறம் ஏதோ ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட். எப்பிடிங்க கண்டுபுடிச்சீங்க?

குமரிக்காரன்:
பழத்துல எடுத்த சத்து, தொப்பை கொறையும்னாலே முக்காவாசி அதாம். நீ பேரைப் பாத்து பயப்படாத, அது நம்ம குடம்புளி தான். நாகர்கோவில் பக்கம் குடம்புளி இல்லாத மீன்கொழம்பை எங்கம்மை கொழம்புன்னே ஒத்துக்க மாட்டா. தலைமுறை தலைமுறையா தின்னுட்டு இருக்கோம், ஒருத்தனுக்கும் கல்லீரல் போகல. அதைச் சொல்லியே தான் அந்த கேப்சூலை எனக்கும் வித்தான், "உங்க ஊரு புளி தானே அண்ணே"ன்னு.

நானும் நம்பி தினம் ஆறு கேப்சூல் வீதம் ஏழு வாரம் போட்டேன். மூத்திரம் கட்டன் சாயா நெறத்துல போச்சு, வெயில்னு நெனச்சேன். அப்புறம் கண்ணு மஞ்சள். கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன், அதுக்குள்ள சோறைப் பாத்தாலே குமட்டல். ஆஸ்பத்திரில எஸ்ஜிபிடிங்கற கல்லீரல் என்சைம் ஆயிரத்தைத் தாண்டி நின்னுச்சு. டாக்டர் மொதல்ல சரக்கான்னு கேட்டாரு, அப்புறம் காமாலை டெஸ்ட்டுங்க எல்லாம் எடுத்தாரு, எல்லாம் நெகட்டிவ். கடைசியா "வேற ஏதாவது மாத்திரை, பொடி?"ன்னு கேக்கும்போது கூட எனக்கு இது ஞாபகமே வரல பாத்துக்கோ, ஏன்னா என் மனசுல அது மாத்திரையே இல்ல, பழம். வீட்டுக்காரி தான் பாட்டிலைக் கொண்டு வந்து மேஜையில வச்சா. நிறுத்துனதுக்கு அப்புறம் மூணு மாசம் ஆச்சு தேறதுக்கு.

கொழம்புல ரெண்டு மூணு சுளை போட்டு அஞ்சு பேரு சாப்பிடுறோம், அதுலயும் சுளையை எடுத்து ஓரமா வச்சுருவோம். கேப்சூல்ல அதோட ஆசிட்டை மட்டும் பிரிச்செடுத்து அமுக்கி அடைச்சு வச்சிருக்கான். பேரு ஒண்ணு தான், பொருள் வேற. க்ரீன் டீயும் அப்படித்தான். தினமும் ரெண்டு கப் குடிக்கிறவனுக்கு ஒண்ணும் இல்ல, எக்ஸ்ட்ராக்டா எடுத்து அதுல உள்ள இஜிசிஜிங்கற பொருளு ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பா உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிட்டு. 2009ல அமெரிக்காவுல ஹைட்ராக்ஸிகட்னு பேர் போன ஒரு வெயிட் கொறைக்கிற சரக்கை வாங்காதீங்கன்னு எஃப்டிஏவே அறிவிச்சு கம்பெனி திரும்பப் பெற்றது, கல்லீரல் கெட்டு ஒருத்தர் செத்தும் போனாரு.

ப்ரொப்ரைட்டரி ப்ளெண்டுன்னா என்ன தெரியுமா, உள்ள எது எவ்வளவு இருக்குன்னு சொல்ல மாட்டேன்னு அர்த்தம். நீ வாங்காதது உன் நல்ல நேரம் மக்கா.

ஜிம்பாய் ஜீவா:
அண்ணே எனக்கும் அந்த கேப்சூல் தான் குடுத்தாங்க. ரெண்டு மாசமா போட்டுட்டு இருக்கேன். எல்எஃப்டின்னா எங்க எடுக்கணும், வெறும் வயித்துலயா?

டயாலிசிஸ் டூட்டி:
எந்த லேப்லயும் எடுப்பாங்க ஜீவா, சாப்ட்டுட்டும் எடுக்கலாம், நாளைக்குன்னு தள்ளாதீங்க. கேப்சூலை இன்னைக்கே நிறுத்துங்க, பாட்டிலைத் தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட கொண்டு போங்க.

பீளமேடு பையன்:
ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்றேனுங்க. டப்பாவைத் திருப்பிக் கொண்டு போய் லைசென்ஸ் நம்பர்ல ஒரு இலக்கம் கம்மியா இருக்குதுன்னு சொன்னேன், ட்ரெய்னர் அண்ணா "பிரிண்டிங் மிஸ்டேக்"ன்னாரு. பணம் தரல, வேற ஃப்ளேவர் மாத்தித் தர்றேன்னாரு. வேண்டாம்னுட்டேன். ஃபுட் சேஃப்டி கனெக்ட் ஆப்ல ஃபோட்டோவோட புகார் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. ஜிம்முல ரெண்டு பேரு என்கூட பேசறதில்ல.

அப்பாவை கூட்டிட்டுப் போய் காமிச்சோம். சுகர் மூணு மாச கணக்கு 10.4ங்க, அதுதான் தேஞ்சிருக்காரு. ஊசி ஆரம்பிச்சிருக்காங்க, பழம் ஒரு நாளைக்கு ஒண்ணு, கொய்யா இல்ல ஆப்பிள்ல ஒரு சின்னது, ஷேக் கெடையாதுன்னுட்டாங்க. அவருக்கு என் மேல தான் கோவம், நான் மட்டும் அவர் கண்ணு முன்னாடி கடலையும் வாழைப்பழமும் போட்டு அடிச்சுக் குடிக்கறேன்னு. இப்ப மிக்ஸியை மாடில கொண்டு போய் வெச்சுட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அன்னாசியை வேக வெச்சுட்டு போட்டா நைட்டே அடிச்சு வெச்சுக்கலாமுங்களா?

லேப் கோட்டு:
வேகட்டும், என்சைம் செத்துரும், கசக்காது. ஆனா அன்னாசி புளிப்புக்கு பால் திரிஞ்சா அதுக்கு நான் பொறுப்பில்ல தம்பி.